அந்தக் கற்களில் ஏறாதீர்கள்

மூன்று நாட்களாக அந்தக் காணொளியை யாராவது ஒருவர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேர்லினில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடத்தில், நம் பிள்ளை ஒருவர் கல்லுக்குக் கல் தாவுகிறார். பின்னணியில் குத்துப்பாட்டு. ஓரிடத்தில் அவருடைய சப்பாத்தின் சேற்றுத் தடம் கல்லில் அப்படியே பதிகிறது. "தம்பி, அது தாவுகிற இடம் இல்லை, இறங்குங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இத்தனை வசவு. சந்தோஷமாக இருக்கிறவனைப் பார்த்து வயிறெரிகிறேனாம். "பேர்லின் என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். சரி, ஒரு வரியில் சொன்னதை விரித்தே சொல்கிறேன்.

பேர்லினுக்கு வந்தால் படம் எடுக்காதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? பிராண்டன்பேர்க் வாயிலுக்கு முன்னால் ஆசை தீர எடுங்கள். 1806இல் நெப்போலியன் கழற்றிக் கொண்டுபோய், 1814இல் பாரிசிலிருந்து திரும்பி வந்த அந்த நாலு குதிரைத் தேர் உச்சியில் தெரியும்படி எடுங்கள். 368 மீற்றர் தொலைக்காட்சிக் கோபுரத்தை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் எடுங்கள். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்கூட்டியே பதிந்துவிட்டுப் போங்கள், காசு கூடக் கேட்கமாட்டார்கள். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அந்த வாயிலிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் வருகிற கல்வெளி தாவுகிற இடம் இல்லை.

2005 மே மாதம் திறந்தார்கள். 2,711 சீமெந்துக் கற்கள். ஓரத்தில் இருப்பவை கணுக்கால் உயரம். உள்ளே போகப் போக நிலம் இறங்கும், கற்கள் தலைக்கு மேல் எழும்பிவிடும். நடுவில் நான்கரை மீற்றருக்கு மேல் வரும். இருவர் சேர்ந்து நடக்க முடியாத இடைவெளி. கூட வந்தவர் ஒரு திருப்பத்தில் கண்ணில் படாமல் போய்விடுவார். தெருச்சத்தமும் அடங்கிவிடும். தனியாக நடந்து, கொஞ்சம் பயந்து, வழி தேடி வெளியே வர வேண்டிய இடம் அது. மேலே ஏறி நிற்பவருக்கு இதில் எது தெரியும்? மெதுவாக நடக்க வேண்டும், கல்லுக்குக் கல் தாவக் கூடாது என்று அங்கே விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"வடிவமைத்த பீட்டர் ஐசன்மனே அங்கே பிள்ளைகள் விளையாடட்டும் என்றவர்தானே, கீழே யாரையும் புதைக்கவில்லையே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான், அவர் அப்படிப் பேசியவர்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழே யாரும் இல்லை என்பதுதானே அந்த இடத்தின் துயரமே! சாம்பலாகிப் போனவர்களுக்குக் கல்லறை ஏது?

ஜேர்மன் பிள்ளைகளும் தாவுகிறார்களாம். தாவுகிறார்கள்தான். அவர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறேன், அவர்கள் என்னைத் திட்டவில்லை. "காஸாவைப் பார்த்த பிறகுமா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். காஸாவின் பிள்ளைகளை நினைத்து நானும் உறங்காமல் இருந்திருக்கிறேன். 1942இல் வார்சாவில் கொலைமுகாமுக்கு ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட யூதப் பிள்ளை அதற்கு என்ன செய்யும்? இதில் இதற்கு மேல் பேச எனக்கு மனம் இல்லை.

பேர்லின் என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. 1985இல், பத்தொன்பது வயதில், மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அங்கிருந்து ரயிலில் பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையம், அதைக் கடந்தால் மேற்கு. நம்மவர்கள் எத்தனையோ பேர் வந்த வழி அது. என்னிடம் ஒரு தோள்பை, அந்தக் குளிருக்குக் காணாத ஒரு மெல்லிய சட்டை. எனக்கு ஒதுங்க இடம் தந்த ஊர் அது. அந்த ஊரின் துக்கத்தில் ஒருவர் சப்பாத்துக் காலோடு ஏறும்போது எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

அதே ஊரில், பேபெல் சதுக்கத்தில், தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அலமாரிகள், ஒரு புத்தகம் இல்லாமல். 1933 மே 10 இரவு அங்கே நாஜிகள் நூல்களை எரித்தார்கள். ஏறக்குறைய 20,000 நூல்கள் கொள்ளுமாம் அந்த அலமாரிகள். நம் யாழ்ப்பாண நூலகத்தில் 1981இல் எரிந்தவை ஏறத்தாழ 97,000. அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போது எனக்கு வருகிற மணம் நம்முடைய கருகல் மணம்தான். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தபோது இதே முகநூலில் எப்படிக் கொதித்தோம்! இன்று என்னைத் திட்டியவர்களில் சிலர் அன்று எழுதியவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நம் கல் என்றால் நெஞ்சு பதறும், அடுத்தவர் கல் என்றால் வெறும் சீமெந்தா?

சென்ற கோடையில் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். வாயிலுக்கு முன்னால் படம் எடுத்தோம், நன்றாகச் சிரித்தார். பிறகு கல்வெளிக்குப் போனோம். நான் இன்னும் எதுவும் விளக்கியிருக்கவில்லை. முதல் வரிசைக் கற்களைக் கண்டதுமே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஒன்றிலும் பெயர் இல்லையே தம்பி?" என்றார்.

பெயர்கள் கீழே இருக்கின்றன என்று நிலவறைக்கு அழைத்துப் போனேன். இருட்டறை. ஒவ்வொரு பெயராகச் சுவரில் ஒளிரும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் வரும், ஒரு குரல் அவரைப் பற்றிச் சில வரிகள் வாசிக்கும். அத்தனை பேரையும் இப்படி வாசித்து முடிக்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகுமாம். அக்காவுக்கு ஜேர்மன் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. ஆனாலும் வாங்கில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழும்பவில்லை. அவருடைய மூத்த மகன் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று இன்றுவரை தெரியாது. மேலே வந்த பிறகு ஒரு கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெயிலில் அது சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.

நேற்றிரவு தொலைபேசியில் பேசினார். அந்தக் காணொளி அவருடைய வாட்ஸ்அப்புக்கும் போயிருக்கிறது.

"தம்பி, இது நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன இடம்தானே? அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.