கசிவுக்கெல்லாம் சிறுநீர்க் குழாய் போடச் சொல்லும் புலனத் தகவல் தவறு

“படுக்கையை நனைக்கும் முதியவருக்குக் குழாய் போடச் சொல்லுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், சுத்தமாக இருப்பார்” என்றொரு தகவல் பினாங்கில் முதியோர் இல்லக் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. இரண்டு அறிவுரையும் தவறு.

சிறுநீரை வெளியே பையில் இறக்கச் சிறுநீர்ப்பைக்குள் செருகும் இந்தக் குழாய் (கதீட்டர்) உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிருமி இருக்கும். அதனால்தான் சிறுநீர் அடைத்துக்கொண்டவர், ஈரத்தால் இடுப்புப் படுக்கைப்புண் ஆறாதவர், இறுதிக்கட்டத்தில் புரட்டினாலே வலிப்பவர் போன்றோருக்கே குழாய். வெறும் கசிவுக்கு, விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டுக் கழிவறைக்கு அழைத்துப் போவதும் பேம்பர்ஸ் மாற்றுவதுமே முதல் வழி. தாதியருக்கு வேலை கூடும்தான், அது குழாய் போடக் காரணமாகாது.

தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்த, கசிவு கூடும். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு கட்டியிருந்தால் ஒழிய, நாளுக்குச் சுமார் 1.5 லிட்டர் வேண்டும். சாயங்காலக் கோப்பியை வேண்டுமானால் நிறுத்தலாம்.

ஏற்கெனவே குழாய் இருந்தால், சிறுநீர் சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பார்கள்; பழைய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பும். குழாயைச் சுற்றிக் கசிந்தால் பெரிய குழாய் கேட்காதீர்கள். மடிப்பா, அடைப்பா, மலச்சிக்கலா என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது சில மணி நேரமாகப் பையில் சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை.