குவாரி ஓடும்போதே எழுந்த குடியிருப்பு

மகள் வீட்டுக்கு சான் டியேகோ வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் மாப்பிள்ளையோடு சிவிட்டா பூங்காவுக்கு நடக்கப் போகிறேன். மேட்டிலிருந்து அடுக்கடுக்காக இறங்கும் பசுமை, சுற்றிலும் மாடி வீடுகள். நேற்றுதான் அவர் சொன்னார்: "மாமா, இது முழுக்க குவாரியா இருந்த இடம்."

பம்மல் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். மத்தியானம் வேட்டு வைத்தால் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் அதிரும். கல் எடுத்து முடித்த பிறகு மிஞ்சுவது ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர்தான். குவாரி என்றால் எனக்குத் தெரிந்த முடிவு அது ஒன்றுதான்.

இங்கே 1930-களில் தொடங்கி மணலும் சரளையும் எடுத்திருக்கிறார்கள். சுமார் 230 ஏக்கர். 2008-ல் நகர மன்றம் 4,780 வீடுகள் வரை கட்ட அனுமதி தந்தது. ஒரு பக்கம் சரளை எடுக்கும் வேலை நடக்க, எடுத்து முடித்த பக்கத்தைச் சீர்செய்து வீடு கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதற்கு அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975-ல் வந்தது. சுரங்கம் நடத்துகிறவர், வேலை முடிந்ததும் நிலத்தை எப்படிச் சீராக்கித் தருவார் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவுக்குப் பண உத்தரவாதமும் கட்ட வேண்டும் என்று பின்னால் சேர்த்தார்கள். ஆள் கைவிட்டுப் போனாலும் அந்தப் பணத்தில் வேலையை முடிக்கலாம். நம் ஊரிலும் குவாரியை மூடுவதற்குத் திட்டம் கேட்கிறார்கள். சரி, கைவிட்ட குழியைச் சுற்றி வேலி போடவாவது பணம் யார் கையில் இருக்கிறது?

அதற்காக எல்லாக் குழியையும் மூடி மனை போடச் சொல்லவில்லை. 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தது சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீர். அந்த மாதிரிக் குழி குழியாகவே இருக்கட்டும். மூடுவதாக இருந்தால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் இடிசலும் குப்பையும் கொட்டி மூடிய பள்ளத்தில் நண்பர் ஒருவர் வீடு கட்டினார். இரண்டாவது மழையிலேயே படுக்கையறைச் சுவர் பிளந்தது. அந்த வெடிப்பில் பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைத்துக் காட்டினார். வாழ்நாள் சேமிப்பு அது.

இன்னொரு பள்ளம் இன்னும் திறந்தே கிடக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அங்கேதான் குளிக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் ஊர் திரும்பியதும் முதல் திங்கட்கிழமை அந்தப் பள்ளத்துக்கு வேலி கேட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறேன். பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருப்பவர்கள் கூட வாருங்கள்.