சிட்னியின் தூண்டில்காரிகள்

ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றிய பேச்சு வந்தாலே "ஆண் வேட்டைக்குப் போவான், பெண் கிழங்கு தோண்டுவாள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கிய கண்டம் அது. எந்த மக்கள், எந்தக் கரை என்று கேட்காமல் எப்படிப் பேச முடியும்?

சிட்னியைப் பாருங்கள். 1788இல் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது அந்தத் துறைமுகத்தில் தூண்டில் போட்டவர்கள் பெண்கள். ஆண்கள் பல முனை ஈட்டியால் மீன் குத்தினார்கள். தோணியில் ஆழத்துக்குப் போய்க் கயிறு விட்டது பெண்களின் தொழில்.

தூண்டில் முள்ளை 'டர்பன்' எனப்படும் தலைப்பாகை வடிவச் சங்கிலிருந்து எடுத்தார்கள். சங்கை உடைத்து வட்டமாக்கி, மணற்கல் அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பிறை வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் அங்கேயே முறியும். இதில் எதிர்முள் கிடையாது. கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். மீன் தொட்ட கணத்திலிருந்து தோணிக்குள் விழும்வரை கயிற்றின் விறைப்பைக் கை விடக் கூடாது. சங்கின் உட்புறப் பளபளப்பு மீனை ஈர்த்தது. சிப்பிக் கறியை மென்று தண்ணீரில் உமிழ்ந்தும் மீனைக் கூட்டினார்கள்.

கயிறு மரப்பட்டை நாரில் இரண்டு புரியாகத் திரித்தது. அதை மரச்சாற்றில் ஊறவைப்பார்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் நார் பிரிந்துவிடும்.

தோணி ஒரே பட்டை. இரு முனைகளையும் மடித்துக் கட்டியிருப்பார்கள். விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். உள்ளே களிமண் திட்டில் நெருப்பு, பக்கத்தில் கைக்குழந்தை. பிடித்த மீனை அங்கேயே சுட்டுக் கொடுப்பார்கள். அலையில் இதைக் கவிழாமல் ஓட்டிக்கொண்டே தூண்டிலும் போட்டவர்களின் வேலையை "ஆண்களுக்கு ஒத்தாசை" என்று எழுதுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

1789இல் பெரியம்மை அந்த மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. பிழைத்தவர்களில் ஒருவர், துறைமுகத்தின் வடகரையில் வாழ்ந்த கேமரைகல் மக்களைச் சேர்ந்த பெண்ணான பாரங்காரூ. அவருடைய கணவர் பென்னலாங், ஆங்கிலேயக் குடியேற்றத்தின் ஆளுநர் பிலிப்போடு நெருக்கமானார். பாரங்காரூவுக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சண்டையில் கணவரின் மீன் ஈட்டியையே உடைத்துப் போட்டார்.

1790இல் ஆங்கிலேயர் வலை வீசி ஒரே நாளில் சுமார் 4000 மீன் பிடித்தார்கள். அதில் ஒரு பங்கைப் பென்னலாங்குக்குப் பரிசாக அனுப்பினார்கள். வெறும் தாராளமாக இதை நான் பார்க்கவில்லை. தினமும் மீன் கொண்டுவந்து குடும்பத்துக்குச் சோறு போட்டவள் பெண். அந்த மீனே இனி வெள்ளைக்காரனிடமிருந்து ஆணின் கைக்கு வருமென்றால், அவளுடைய சொல்லுக்கு வீட்டில் என்ன மதிப்பு மிஞ்சும்? குடியேற்றம் நிலத்தோடு நிற்கவில்லை, அடுப்பங்கரை அதிகாரத்தையும் பிடுங்கியது என்பதே என் கருத்து. பாரங்காரூவின் கோபத்தை ஒரு மனைவியின் பிடிவாதமாக மட்டும் குறித்துவைத்தவர்கள் அந்த அதிகாரத்தைக் கண்ணால் கண்டும் கணக்கில் எடுக்கவில்லை.