ஒன்பது மணிக்கு அம்மாவோடு

சீரியல் பார்ப்பது வெறும் நேர விரயம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சன் டிவியில் ஒன்பது மணிக்குக் கோலங்கள் சீரியல் ஆரம்பித்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அப்புறம் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது, டாக்டர் கொஞ்ச நாள் டிவி பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் அம்மா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ ஆதி உள்ளே வர்றான், அபி எழுந்து நிக்கிறா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பத்தே நாளில் விளம்பர இடைவேளையில் அடுத்து என்ன ஆகும் என்று அம்மாவை நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

2003இல் தொடங்கி 2009 வரை, 1500 எபிசோடுக்கு மேல் ஓடிய கதை. இழுத்தார்கள், உண்மைதான். ஆனால் கணவன் கைவிட்ட அபி என்ற பெண் கட்டுமானத் தொழிலில் இறங்கி, சொந்த அப்பாவின் இன்னொரு மகன் ஆதியையே எதிர்த்து நிற்பதைத் தேவயானி அத்தனை நிதானமாக நடித்தார். திருச்செல்வம் இயக்கியதோடு அபியின் நண்பன் தொல்காப்பியனாகவும் வந்தார், அந்த நட்பைக் கடைசி வரை காதலாக்காமல் விட்டதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அம்மா கண் கட்டுக்குள்ளிருந்தே "அபி அழுறாளா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.