தோண்டாமல் விட்ட மண்ணுக்காக

கீழடிக்குப் பிறகு நம் ஆட்களுக்குத் தொல்லியல் மேல் பெரிய ஆர்வம் வந்திருக்கிறது. மனதார மகிழ்கிறேன். கூடவே ஓர் அவசரமும் வந்திருக்கிறது. "அந்த மேட்டை ஏன் முழுசா தோண்டல? எதை மறைக்கிறாங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சட்டம் போட்டுக் காத்து, பெரும்பகுதியைத் தொடாமல் விடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்ல இங்கிலாந்தின் ஒரு குன்றுக்குப் போக வேண்டும்.

டார்செட் மாவட்டத்தில் டார்செஸ்டர் நகரை ஒட்டி இருக்கிறது மெய்டன் காசில். பெயரில் காசில் இருந்தாலும் கல் கோட்டை கிடையாது. சுண்ணாம்புக் குன்றின் உச்சியைச் சுற்றி அடுக்கடுக்காக மண் மதில்களும் பள்ளங்களும். கி.மு. 600 வாக்கில் சிறிதாகத் தொடங்கி, அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 47 ஏக்கருக்கு விரிந்தது. உள்ளே வட்ட வீடுகள், தானியக் குழிகள். வாசல்களில் மதில்கள் வளைந்து வளைந்து போகும். வருகிறவன் நேராக உள்ளே நுழைய முடியாது. அருகிலுள்ள கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த கவண் கற்கள் குவியலாகவே கிடைத்தன, ஒரே குவியலில் 20,000க்கும் மேல்! எத்தனை பேர், எத்தனை நடை நடந்து இவற்றைச் சுமந்து வந்தார்களோ.

இந்தக் கோட்டைக்கும் அடியில் இன்னொரு காலம் இருக்கிறது. கோட்டை கட்டுவதற்குச் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே, புதிய கற்கால மக்கள் அதே உச்சியைப் பள்ளம் வெட்டி வளைத்திருக்கிறார்கள். பிறகு அரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். ரோமானியர் வந்த பின், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு சிறு கோயிலும் கட்டப்பட்டது.

1934 முதல் 1937 வரை இங்கே அகழாய்வு நடத்தியவர்கள் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வெர்னி வீலரும். டெஸ்ஸா 1936இல் இறந்துபோனார். அவர் உழைப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்; சரி, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கிழக்கு வாசல் பக்கம் ஐம்பது பேரின் எலும்புகள் வரை வெளிவந்தன. சில மண்டையோடுகளில் வெட்டுக் காயம். ஒருவரின் முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று செருகிக் கிடந்தது. கி.பி. 43இல் பிரிட்டன் மீது படையெடுத்த ரோமானியரில் வெஸ்பாசியனும் ஒருவர். பிற்காலத்தில் பேரரசர் ஆனவர். அவர் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களைப் பிடித்தார் என்று ரோமானியக் குறிப்பு உண்டு. எந்த ஊர்கள் என்று அதில் இல்லை. வீலர் இரண்டையும் சேர்த்தார். ரோமானியப் படை வந்தது, கோட்டை விழுந்தது, மிஞ்சியவர்கள் அவசரமாகப் பிணங்களைப் புதைத்தார்கள் என்றார். கேட்டவர் மனதில் அப்படியே பதிந்துவிடும் கதை. பல பத்தாண்டுகள் அதுவே வரலாறாக இருந்தது.

1985-86இல் நியால் ஷார்ப்பிள்ஸ் மீண்டும் அங்கே ஆய்வு செய்தபோதே அந்தக் கதை ஆட்டம் கண்டது. 2025இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எலும்புகளின் காலத்தைக் கரிம முறையில், அதாவது எலும்பில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து, கணித்து முடிவை வெளியிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் செத்தவர்கள் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தலைமுறைகள் தாண்டி நிகழ்ந்த சாவுகள். பெரும்பாலும் ரோமானியர் வருவதற்கு முன்பே, அந்த மக்களுக்குள்ளேயே நடந்த வன்முறை.

வீலர் திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. கரிமக் காலக்கணிப்பு 1940களின் இறுதியில்தான் உருவானது. 1930களில் அவர் கையில் அது இல்லை. அவர் எலும்புகளை எடுத்து வைத்தார், எது எங்கே கிடந்தது என்று எழுதி வைத்தார், குன்றின் பெரும்பகுதியைத் தோண்டாமல் விட்டார். அதனால்தான் அவர் சொன்னதையே சரிபார்க்க முடிந்தது. அகழாய்வு என்பது ஒரே பிரதி உள்ள புத்தகத்தை, படித்த பக்கத்தைக் கிழித்துக் கிழித்து வாசிப்பது. எல்லாவற்றையும் இன்றே தோண்டிவிட்டால், நாளை வரும் புதுக் கருவிக்கு என்ன மிச்சம்?

இதே வீலர்தான் 1945இல் புதுச்சேரி பக்கம் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டைத் தோண்டியவர். இத்தாலியப் பானை ஓடுகளை வைத்து அந்த ஊருக்குக் காலம் சொன்னார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியபோது, அவர் நினைத்ததற்கு முன்பே ஊர் இருந்தது, பிறகும் வெகுகாலம் தொடர்ந்தது என்று தெரிந்தது. அரிக்கமேட்டில் செங்கல்லுக்காக ஏற்கனவே எவ்வளவோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்ததால் கதை திருந்தியது.

பிரிட்டனில் இப்படிப் பழைய இடங்களைக் காப்பதற்கான முதல் சட்டம் 1882இல் வந்தது. இங்கிலாந்தில் இப்போது இருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியலிட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டினாலும், மண்ணைக் கொட்டினாலும், உலோகம் தேடும் கருவியோடு சுற்றினாலும் குற்றம். கடைசியாகச் சொன்னதைச் சிலர் அதிகப்படி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காசை அதன் மண்ணடுக்கிலிருந்து பிடுங்கிவிட்டால் கையில் உலோகம் மட்டும்தான் மிஞ்சும். அந்த அடுக்கின் காலம் போய்விடும். ஆனால் மெய்டன் காசிலைப் பூட்டியும் வைக்கவில்லை. ஆடு மேய்கிறது, மக்கள் கட்டணமில்லாமல் ஏறி நடக்கிறார்கள்.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. வேல்ஸ் எல்லைப் பக்கம் ஓல்ட் ஆஸ்வெஸ்ட்ரி என்று இன்னொரு இரும்புக்காலக் குன்றுக்கோட்டை. குன்றை யாரும் தொட முடியாது. ஆனால் அடிவார வயல்களில் வீடு கட்டும் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். கோட்டை கட்டியவர்கள் உழுது, மாடு மேய்த்து வாழ்ந்த நிலம் கீழேதான் இருந்தது. வருகிறவனைத் தூரத்திலேயே பார்க்கத்தான் உச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பார்வையை வீடுகளால் மறைத்துவிட்டு, குன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பு எல்லையை வரையும்போது அடிவாரத்தையும் சேர்த்தே வரைய வேண்டும். அங்கேயும் சரி, நம் ஊர் மேடுகளிலும் சரி.