மயினி இல்லாமல் கடலுக்குப் போகாதீர்கள்

மே மாதம் பள்ளிக்கூடம் அடைத்தால் குமரி மாவட்டம் முட்டத்தில் அண்ணன் வீட்டுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்து சேரும். வரட்டும். லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு, போகிற போக்கில் தலையைக் காட்டிவிட்டுப் போகும் உறவு எனக்குப் பிடிக்காது. ராத்திரி எல்லோரும் பாய் விரித்துப் படுத்தால்தான் சேதி ஒவ்வொன்றாக வெளியே வரும். சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, பெரியம்மை மகள் பெங்களூரு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வரப்போவது, தம்பி மகன் கல்யாணத்துக்குக் கோயிலில் அறிவிப்பு ஓலை வாசிக்கப் போவது, எல்லாம் இந்தத் தடவை அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் மயினிக்கு, அண்ணன் மனைவிக்கு?

எல்லோரும் வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்குப் போனார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். இங்கே அடுப்படியில் மயினி ஒரு சட்டி நெத்திலியை வைத்துக்கொண்டு தலையைக் கிள்ளி, குடலை உருவி, உப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "யாருக்குப் பிள்ளே ஓலை?" என்று கேட்டார். வீடே முந்தின ராத்திரி பேசித் தீர்த்த சேதி, வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. அந்நேரம் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். முற்றத்தில் நின்றால் கலங்கரை விளக்கம் தெரிகிற வீடு அது. விருந்தாளிகள் வந்ததிலிருந்து மயினி கடற்கரைப் பக்கம் போகவே இல்லை.

ஜூனில் வருகிறவர்கள் இன்னும் மோசம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடலும் நம் மாவட்டத்தில்தான். ஆகவே ஜூன் முதல் பாதியில் சின்னமுட்டத்திலும் விசைப்படகு போகாது, குளச்சலிலும் போகாது. நாட்டுப்படகு வள்ளக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. அப்போதும் நெய்மீன் பொரித்துத் தா என்றால் அண்ணன் எங்கே போவார்?

வந்தவர்களை வேலை வாங்கினால் மரியாதையாக இருக்காது என்கிறார் அண்ணன். கூடப்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் என்ன விருந்தாளியா? அடுத்த வருஷம் வருகிறவர்கள் ஒரு நேரம் மரச்சீனிக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகு அரைத்து வைத்தால் போதும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மீன் கழுவ ஆண்களும் உட்காருங்கள். ராத்திரி பாத்திரத்தைப் பிள்ளைகள் தேய்க்கட்டும், மயினி பாயில் உட்கார்ந்து கதை கேட்கட்டும். சாயங்காலம் மயினி சேலை மாற்றி வரும்வரை ஒருத்தரும் மணலில் இறங்க வேண்டாம்.