கவுன்சிலர் அறையில் பிள்ளை பேசட்டும்

அமெரிக்காவில் இருக்கும் நம் தமிழ்ப் பெற்றோருக்காக, அதிலும் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளை இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், பெரியவள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக் கவுன்சிலரை, அதாவது பாடத் தேர்விலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வழிகாட்டுகிற ஆலோசகரை, பார்க்க அரை மணி நேரம் கிடைத்தது. நான் ஒரு ஃபைலோடு போனேன். ஜிபிஏ என்கிற சராசரி மதிப்பெண், ஏபி என்கிற கல்லூரித் தரப் பாடங்கள், கணிதப் போட்டிச் சான்றிதழ்கள், பதினான்கு கல்லூரிகளின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தவன் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. அந்தக் கவுன்சிலர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாற்காலியை என் மகள் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு, "இதில் உனக்குப் பிடித்த கல்லூரி எது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கையின் நுனியை இழுத்து இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசிவரை பதில் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை எனக்கு. பதினாறு வயதுப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அவள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தப்பு அவளுடையது இல்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்பதும் எனக்குப் புரிகிறது. நமக்குக் கவுன்சிலிங் என்றால் வேறு. 1998இல் நான் அண்ணா பல்கலைக்கழகத்தில் அப்பாவோடு காத்திருந்தேன். ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, சில நிமிடங்களில் அப்பா கை காட்டிய இடத்தை எடுத்துக்கொண்டேன். நீ யார், உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அந்த முறையில் இல்லை. மதிப்பெண் தெரிந்தால் போதும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, கவுன்சிலர் என்பவரை சீட் வாங்கித் தருகிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவரிடம் போய் நம் பிள்ளையின் மார்க் பட்டியலை ஒப்பிக்கிறோம். அந்த மார்க் எல்லாம் அவர் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

அவரிடம் இல்லாதது பிள்ளையைப் பற்றிய விவரம்தான். காமன் ஆப் என்கிற, பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம் வழியாக விண்ணப்பிக்கும்போது மாணவரின் பங்கு போக, பள்ளியிலிருந்தும் ஒரு அறிக்கை போகிறது. அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, இந்த மாணவர் அதில் எவ்வளவு கடினமானவற்றை எடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம். எல்லாக் கல்லூரியும் அதைக் கேட்பதில்லை, ஆனால் கேட்கிற இடங்களில் அது முக்கியம். முகம் தெரியாத பிள்ளையைப் பற்றி அவர் என்ன எழுதுவார்?

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதுமான சராசரி 385. டைம்டேபிள் குழப்பம், வீட்டுப் பிரச்சினை, மன அழுத்தத்தோடு வந்து அழுகிற பிள்ளை, எல்லாம் அவர் தலையில்தான். இதில் பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் போய் அறிமுகம் செய்துகொண்டால் அவரால் என்ன செய்ய முடியும்? ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளை போய்ப் பேசட்டும். பாடம் மாற்றுவது பற்றியோ, ஏதாவது கிளப் பற்றியோ ஒரு சின்னக் கேள்வி போதும். அவர் பிள்ளையின் பெயரையும் முகத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள அது உதவும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கடிதம் எழுத உதவியாகப் பெற்றோர் நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. பிராக் ஷீட் என்பார்கள். நான் மறுபடியும் பரிசுகளையே எழுதி அனுப்பினேன். அந்த அம்மா பதில் போட்டிருந்தார்: "இதெல்லாம் என்னிடம் இருக்கிறது. யாரும் சொல்லாமல் வீட்டில் அவள் செய்கிற ஒரு விஷயத்தை எழுதுங்கள்."

ரொம்ப நேரம் யோசித்தேன். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனபோதுதான் கண்ணில் பட்டது. எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்த என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பிரஷர், சர்க்கரை என்று ஐந்து மாத்திரைகள். மகள் ஒரு தாளில் ஒவ்வொரு மாத்திரையையும் அதன் நிறத்திலேயே வரைந்து, காலை மாத்திரைக்குப் பக்கத்தில் சூரியன், இரவு மாத்திரைக்குப் பக்கத்தில் நிலா, சாப்பிட்ட பிறகு என்பதற்கு ஒரு தட்டு என்று போட்டு ஒட்டி வைத்திருந்தாள். டாக்டர் மருந்தை மாற்றியபோது பழைய படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்தியிருந்தாள். மாதக்கணக்கில் தினமும் நான் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

அதை எழுதி அனுப்பினேன். அடுத்த முறை மகள் மட்டும் போனாள். ஒரு மணி நேரம் பேசினார்களாம். பொது சுகாதாரம் என்று ஒரு படிப்பு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பதினான்கு கல்லூரிகள் ஒன்பதாயின. அவற்றில் ஐந்தின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை. கடிதத்தில் அந்த அம்மா என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம், அவளும் போட்டாள்.

அப்புறம் கட்டணக் கவுன்சிலர்கள். எல்லோரையும் குறை சொல்ல மாட்டேன், நேர்மையாக வழிகாட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நண்பர் வீட்டில் நடந்ததைப் பார்த்தேன். பெரிய தொகை வாங்கிய ஒருவர், பையனின் கட்டுரையைத் தானே திருத்தித் திருத்தி, கடைசியில் அவன் எழுதிய ஒரு வாக்கியம்கூட அதில் மிச்சமில்லை. 650 சொல்லுக்குள் ஒரு பையன் தன்னைப் பற்றிச் சொல்லக் கிடைக்கிற வாய்ப்பு அது. அதைப் பணம் கொடுத்துப் பறிக்கலாமா? ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரியில் இடம் உறுதி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2019 மார்ச்சில் வெளிவந்த சேர்க்கை மோசடி வழக்கு நினைவிருக்கும். ரிக் சிங்கர் என்கிற ஆலோசகர் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, விளையாடவே தெரியாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டினார். 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. அதில் எனக்கு மிகவும் வலித்தது, தங்களுக்காக இப்படி நடந்தது என்று சில பிள்ளைகளுக்குத் தெரியாமலே இருந்ததுதான்.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் பிள்ளைகளிடம் பேசுவதே இல்லை. "நீ படி, மற்றதை அப்பா பார்த்துக்கொள்கிறேன்" என்கிறோம். ஏப்ரலில் அட்மிஷன் வந்த பிறகு உட்கார்ந்து அழுகிறோம். 2011 முதல் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நிதி உதவித் திட்டங்களில் இருக்கிற கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்தாக வேண்டும். வருமான விவரம் போட்டால் உங்கள் குடும்பத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடும். பட்டியல் போடும் முன்பே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் போட்டுப் பாருங்கள். ஏர்லி டிசிஷன் என்பது ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கிற முறை. அதில் விண்ணப்பித்தால் இடம் கிடைத்ததும் அங்கேதான் சேர வேண்டும். மாணவர், பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நிதி உதவி போதவில்லை என்றால் விலகலாம்தான், ஆனால் மற்ற கல்லூரிகள் தருகிற தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஃபெடரல் நிதி உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவை வழக்கமாக அக்டோபர் 1 முதல் நிரப்பலாம், அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபெடரல் நிதி உதவி அவர்களுக்கு இல்லை. சில மாநிலங்களில் உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்கும், சிலவற்றில் சிக்கல். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். நல்ல கவுன்சிலருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் அவர் பார்க்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நான்கு வயதில் வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளை, "நீ வெளிநாட்டு மாணவர்" என்பதைக் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் முறையாகப் படிப்பது கொடுமை. நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள், பிள்ளையிடமும் கவுன்சிலரிடமும்.

கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி, என்று கவுன்சிலர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அங்கே படித்துவிட்டு, நிபந்தனைகளை நிறைவேற்றினால், டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட ஆறு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் ஒன்றில் உறுதியான இடம் வாங்கலாம். பிள்ளை எங்கே சேர்ந்தது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்கிற கவலைதான் நமக்குப் பெரிதாக இருக்கிறது.

சின்னவன் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் கவுன்சிலருக்கு அவனே மின்னஞ்சல் எழுதினான், வேதியியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கலாமா என்று கேட்டு. என்னிடம் காட்டினான். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. வேதியியலை விடுவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. "அனுப்பட்டுமா அப்பா?" என்றான். அனுப்பு என்றேன். வியாழக்கிழமை மதியம் 12.40க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மட்டும்தான் போகிறான்.